தபாலட்டையில் போன பெயர்கள்: புத்தளக் கரையோரத்தில் இசை நேயர் மரபு

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றில் கைவைத்த இருபது முப்பது பேரும் அதை வாங்கிப் பாடுவார்கள். அம்பா என்பது இதுதான். இழுவையின் பாரத்துக்கு ஏற்பப் பாட்டின் நடை மாறும். பாடுபவர் ஒரு பக்கம், கேட்பவர் ஒரு பக்கம் என்று அங்கே பிரிக்க முடியாது. வாங்கிப் பாட ஆளில்லாவிட்டால் அடியெடுப்பவருக்கும் வேலையில்லை. சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையில் இசை ரசனை எப்படி வளர்ந்தது என்று ஆராய்பவர்கள் பாடகர்களின் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு அம்பாவே முதற் சான்று. இந்தக் கரையின் வானொலி நேயரும் இந்த வாங்கிப் பாடுபவரின் வழிவந்தவரே என்பதுதான் இக்கட்டுரையின் துணிபு.

கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. ஆனால் நேயர் என்ற மனிதர் உருவானது 1950 செப்டம்பர் 30இல் ஆரம்பித்த வர்த்தக சேவையோடுதான் என்று சொல்ல வேண்டும். 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். பாட்டைத் தேடிய தமிழ்நாடு கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. அதன் விளைவு புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தது. நேயர் விருப்பத்தில் தூத்துக்குடி, இராமநாதபுரத்துப் பெயர்கள் வாசிக்கப்பட்ட அதே வானொலியில் முந்தல், உடப்பு, கற்பிட்டிப் பெயர்களும் ஒலித்தன. மன்னார்க் குடாவின் இரு கரைகளும் ஒரே பாட்டுக்காகக் காத்திருந்தன.

முறை மிக எளியது. பாட்டின் பெயர், படத்தின் பெயர், அதற்குக் கீழே அப்பா அம்மா முதல் மச்சான், மதினி, மருமக்கள் வரை விரும்பிக் கேட்போர் வரிசை. அது தபாலட்டையில் கொழும்புக்குப் போகும். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் போன்றோர் தலைமுறை தலைமுறையாக இப்படியான பெயர்களை ஒன்றும் விடாமல் வாசித்தார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் பெயர்களே போகும். இதை விரயம் என்று எண்ணியவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. அம்பாவில் அடியை வாங்கிய குரலுக்குப் பெயர் கிடையாது. வானொலியில் வாங்குபவருக்குப் பெயரும் ஊரும் கிடைத்தன. தனக்குப் பிடித்த பாட்டைத் தன்னுடையது மட்டுமாக வைத்துக்கொள்ளாமல் இன்னாருக்காக என்று சொல்லி ஊரறியக் கொடுக்கும் வழக்கம் அந்த அட்டைகளில்தான் நிலைபெற்றது.

புதிய பாடகர்களும் இந்த வழியாகவே கரைக்கு வந்தார்கள். 1970களில் ஈழத்துப் பொப் இசை எழுந்தபோது நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வீட்டுப் பெயர்களாயினர். மனோகரன் பரப்பிய ‘சுராங்கனி’யை இங்கே தனியே நோக்க வேண்டும். சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு அது. பொருளோ மீன் கொண்டுவருவது. ஒரே சந்தையில் இரண்டு மொழியிலும் மீன் விலை பேசும் சிலாபக் கரைக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1977இல் இளையராஜா அதை ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். கொழும்பு வானொலி வழியே தமிழகத்துச் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த கரை, இப்போது தன் பக்கத்துப் பாட்டைச் சினிமாவில் கேட்டது.

அந்தப் பாட்டின் தாளம் பைலா. 1940களில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பாஸ்டியன் பைலாவுக்கு இன்றைய உருவைக் கொடுத்தார். அதற்கு அடியில் இருப்பது போர்த்துக்கேயர், ஆப்பிரிக்கர் வழிவந்த கபிரிஞ்ஞா இசை. அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடியில் உயிரோடிருக்கிறது. பிரித்தானியர் காலத்து இலங்கைப் படைப்பிரிவுகளில் சேவை செய்த ஆப்பிரிக்கரின் சந்ததியினர் அங்கே மான்ஜா பாடுகிறார்கள். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். வீட்டில் இன்று பேசுவது சிங்களம். சொற்களின் பொருள் பெரும்பாலும் நழுவிவிட்டபோதும் பாட்டு நழுவவில்லை. பொருள் தெரியாத பாட்டைப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதைவிட ஆழமான ரசனை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இழப்புகளைப் பேசாமல் இந்த வரலாறு நிறையாது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பல்லாயிரக்கணக்கானோர் புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டில்களில் குடியேறினார்கள். கசெட்டுகளை அடுக்கி எடுத்துவர நேரம் இருக்கவில்லை. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாடல்களை அவர்கள் நெஞ்சில்தான் கொண்டுவந்தார்கள். அப்பாடல்களை ஏற்கெனவே தன் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்டுவந்த புத்தளத்துக்கும் வந்தவர்களுக்கும் இடையே முதலில் பொதுவாயிருந்தவற்றுள் ஹனீபாவின் குரலும் ஒன்று. 2015 ஏப்ரல் 8இல் அவர் காலமானார்.

வானொலிக்கும் இழப்புகள் நேர்ந்தன. கே. எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். 1998இல் சூரியன், சக்தி எஃப்எம் வானொலிகள் வந்ததும் தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி அழைப்பு பிடித்தது. அழைப்பவர் நேரடியாகவே பேசினார். ஆனால் வீட்டார் எல்லோரின் பெயரையும் அடுக்க நேரமில்லை. ராஜேஸ்வரி சண்முகம் 2012இலும் மனோகரன் 2018 ஜனவரி 22இலும் மறைந்தனர்.

கரைவலைக்கு உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வந்தது. இயந்திரம் இழுக்கும் கயிற்றுக்கு அம்பா தேவையில்லை. ஆனால் சிரம்பியடியில் மான்ஜா இன்னும் மெதுவாகத்தான் தொடங்குகிறது. ரபானோடு சிரட்டையும் கரண்டியால் தட்டும் போத்தலும் சேர்ந்து நடை ஏற ஏற, பார்க்க வந்தவர்களும் எழுந்து ஆடத் தொடங்கிவிடுகிறார்கள்.