பினாங்குத் தெருக்களில் மிதிவண்டி

பினாங்குத் தலைநகரில் மிதிவண்டிப் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்னும் பேச்சு பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. 2016 டிசம்பரில் 'லிங்க்பைக்' என்னும் பொது மிதிவண்டித் திட்டம் அங்குத் தொடங்கப்பெற்றது. ஒரு நிலையத்தில் வண்டியை எடுத்து மற்றொரு நிலையத்தில் விடுவது அதன் முறை. இதனைப் புதுமை என்று பலர் வியந்தனர். வரலாற்றை நோக்குவார்க்கோ, இழந்ததொன்றை மீட்கும் முயற்சியே இஃது என்பது புலனாகும்.

1786இல் பிரான்சிஸ் லைட் அமைத்த ஜார்ஜ்டவுன் மிகச் சிறியது. லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்னும் நான்கு எல்லைகளுக்குள் அடங்கியது. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கால்மணி நேர நடைதான். நம்மவர் கடைத்தெரு என வழங்கிய மார்க்கெட் தெருவும் அதனுள்ளேயே இருந்தது. மனிதர் காலும் மாட்டுவண்டியுமே அத்தெருக்களின் அகலத்தை வகுத்தன. கடைவாசல்தோறும் நிழல் தந்த நடைபாதையை நம் மக்கள் 'அஞ்சடி' என்றனர். அகராதி தொகுப்போர் இச்சொல்லை விட்டுவிடலாகாது.

நகரம் வளர்ந்தபோது மின்சாரம் துணைக்கு வந்தது. 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925இல் டிராலி பஸ் வந்தது. மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று, தண்டவாளமின்றி ரப்பர்ச் சக்கரத்தில் புகையில்லாமல் ஓடியது அது. 1936இல் டிராம் நின்றது. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்று, டி. எஸ். இராமநாதன் அதன் முதல் மேயரானபோது டிராலி பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1961இல் அதுவும் நின்றது. 'பசுமைப் போக்குவரத்து' என இன்று நாம் பெயரிட்டுத் தேடுவதைப் பெயரிடாமலே வைத்திருந்த நகரம் இது.

இனி மிதிவண்டிக்கு வருவோம். சைக்கிள், துவிச்சக்கர வண்டி, ஈருருளி, மிதிவண்டி எனத் தமிழில் இதற்குப் பெயர்கள் பல. இவற்றுள் மிதிவண்டியே எனக்கு உகந்தது; வண்டியை ஓட்டுவது மனிதன் கால் என்பதை அச்சொல் மறைக்கவில்லை. போருக்கு முன்னும் பின்னும் உழைப்பாளியின் வண்டி இதுவே. பால்காரரும் ரொட்டிக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் இதனை நம்பியே வாழ்ந்தனர். ஆள் இழுத்த ரிக்‌ஷாவுக்குப் பின் வந்த பெச்சாவும் இதன் உடன்பிறப்பே. பினாங்குப் பெச்சாவில் பயணி முன்னும் மிதிப்பவர் பின்னுமாக அமர்வர். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை 55 நாளில் தீபகற்பத்தின் தென்முனையை அடைந்ததற்கும் மிதிவண்டி ஒரு காரணம். ஆங்கிலேயர் போட்ட நல்ல சாலை பகைவருக்குப் பயன்பட்டது. வழியில் கிடைத்த ஊர்மக்களின் வண்டிகளையும் அவர்கள் விடவில்லை.

அத்தகைய வண்டி மறைந்தது எதனால்? வெயில்மேல் பழி போடுவாருண்டு. வெயில் 1950இலும் அடித்தது! உண்மைக் காரணம் வேறு. 1958இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப் என்னும் சிறு மோட்டார் வண்டி 'கப்சாய்' என்ற செல்லப்பெயரோடு இந்நாட்டில் பரவியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் எழுந்தது. பழைய நகரிலிருந்து அது ஏறத்தாழப் பத்து மைல். வேலை அங்கே சென்றது; மிதிக்கும் கால் அங்கே செல்ல இயலவில்லை. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் புரோட்டோன் சாகா காரும் விற்பனைக்கு வந்தது. நாள்தோறும் மிதிவண்டியில் செல்வோர்க்குப் பாலத்தில் இடமில்லை. மக்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை, வேலையும் சாலையும் அவர்களைவிட்டு விலகிச் சென்றன.

மறுபுறம், மிதிவண்டி பெருகிய வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றனர். தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் அது உதவியது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. அறிவுரை மட்டும் செய்திருந்தால் இத்தனை பேர் கற்றிருப்பரா என்பது ஐயமே.

பினாங்கில் கிழக்குக் கடலோரமாக மிதிவண்டிப் பாதை உண்டு. நல்லதே; ஆனால் கடற்காற்று வாங்கச் செல்வோரை மட்டும் எண்ணிப் பாதை போடலாகாது. வீட்டிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வோருக்குப் பழைய நகரின் தெருக்களிலேயே பங்கு வேண்டும். ஆர்மீனியத் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய சுவரோவியத்தில் இரு குழந்தைகள் ஏறியிருக்கும் மிதிவண்டி மெய்யான வண்டியே. அதனருகே படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கின்றனர். அதே தெருவில் உயிரோடு மிதித்துச் செல்பவரோ கார்களுக்கு நடுவே வழி தேட வேண்டியுள்ளது.

2025 ஜனவரியில் மின்சார இலகு இரயில் பாதைக்கான பணி தொடங்கி வைக்கப்பெற்றது. 1936இல் நின்ற மின்சாரத் தண்டவாளப் பயணம் இதனால் தீவுக்குத் திரும்பவிருக்கிறது. இரயில் வந்தபின், ஒவ்வொருவர் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே எஞ்சி நிற்கும் அந்த ஒன்றிரண்டு மைலுக்குப் பாதையும், நிலையத்து வாசலில் வண்டி நிறுத்த நிழலும் இப்போதே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.