சதுக்க நடனத்துக்கு வந்த சட்டம்

2014 மார்ச்சில், கிழக்குச் சீனாவின் வென்சோ நகரத்தில் ஒரு சதுக்கத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள் 2,60,000 யுவான் செலவழித்து ராட்சத ஒலிபெருக்கிகளை வாங்கினார்கள். சதுக்கத்தைப் பார்க்க அவற்றைத் திருப்பி வைத்து, ஒலி மாசுச் சட்டத்தை மதிக்கும்படி சொல்லும் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப அலறவிட்டார்கள். கீழே ஆடிக்கொண்டிருந்த பெண்களின் பாட்டு அதில் அமுங்கிப்போனது.

அந்தப் பெண்கள் யார்? சீனத் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு ஓய்வு வயது நெடுங்காலம் 50 ஆகவே இருந்தது. 1990களில் அரசு ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தபோது பலர் அதற்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆலையோடு தோழிகளும் போனார்கள். ஒரே பிள்ளை, அதுவும் வேலைக்காக வேறு ஊரில். கூட்டமாக ஆடுவது இளமையிலேயே பழகிய தலைமுறை அது. காசு கேட்காத இடமாக அவர்களுக்கு மிச்சமிருந்தது சதுக்கம் மட்டும்தான். மாலையில் ஒரு ஸ்பீக்கரை உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றால், ஒரு மணி நேரம் உடம்புக்கும் மனசுக்கும் தெம்பு. இதைத் தொந்தரவு என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் மேலே ஜன்னலுக்குப் பின்னால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் இருந்தது, இரவுப்பணிக்குப் போக வேண்டியவரும் இருந்தார். 2013இல் பெய்ஜிங்கின் சாங்பிங் பகுதியில் ஒருவர் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டு, ஆடியவர்கள் மீது மூன்று திபெத்திய மாஸ்டிஃப் நாய்களை அவிழ்த்துவிட்டார். பகை அவ்வளவு தூரம் முற்றியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997இலேயே நடைமுறைக்கு வந்த ஒலி மாசுச் சட்டம், பொது இடத்தில் அளவுமீறிச் சத்தம் வைக்கக்கூடாது என்றது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2008ஆம் ஆண்டின் தேசியத் தரம் வரையறுத்தது. ஆனால் இந்தச் சதுக்கத்தில், இந்த மூலையில், எத்தனை மணி வரை, எவ்வளவு சத்தம் என்று முன்கூட்டியே சொல்லும் பொறுப்பு யாருடையது? அதற்குத் தெளிவான விடை இல்லை. போலீஸ் வந்தால் சத்தம் குறையும், போனால் ஏறும்.

2015இல் விளையாட்டு, பண்பாட்டுத் துறைகள் நாடு முழுவதற்கும் 12 மாதிரி நடனங்களை அறிவித்தன. எந்த அடவை ஆடுகிறார்கள் என்பதா பிரச்சினை? சண்டை சத்தத்தையும் இடத்தையும் பற்றியது. அதை அந்த அறிவிப்பு தொடவே இல்லை.

தொட்டது, 2021 டிசம்பர் 24 அன்று நிறைவேறி, 2022 ஜூன் 5 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒலி மாசுச் சட்டம். தெரு, சதுக்கம், பூங்கா எதுவானாலும் அதை நிர்வகிப்பவர்தான் ஆடும் இடம், நேரம், ஒலியளவு மூன்றையும் வரையறுக்க வேண்டும் என்கிறது அதன் 64ஆம் பிரிவு. டெசிபலைத் தானாக அளந்து காட்டும் பலகையையும் அவர் நிறுவலாம். மீறுபவர்களிடம் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் எச்சரிக்கை, தனி நபருக்கு 200 முதல் 1,000 யுவான் வரை அபராதம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு என்று சட்டமே வரையறுத்திருக்கிறது.

அபராதத்தைவிட அந்தப் பொறுப்பு மாற்றம்தான் பெரிய விஷயம் என்பேன். அதுவரை ஆடுபவரும் குடியிருப்பவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தார்கள். இப்போது இருவரும் போய்க் கேட்பதற்கு ஒரு நிர்வாகி இருக்கிறார். ஆனால் ஆடுவதற்குப் புதிதாக ஓர் இடம் தர வேண்டும் என்று 64ஆம் பிரிவு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இருக்கிற இடத்தைத்தான் அது பங்கு போடுகிறது. அடுக்குமாடிகளுக்கு வரைபடம் போடுபவர்கள் அந்தப் பெண்களுக்கும், ஜன்னல்களிலிருந்து தள்ளி, ஒரு மைதானம் ஒதுக்கட்டும்.