1883: ஒரு சத்திரசிகிச்சையும் ஒரு சட்டமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெண்கள் சம்பந்தப்பட்ட விசயம், பேஸ்புக்கில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விடுவதுதான் பிழை என்று பட்டது.

போன மாதம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு உம்மா கோல் எடுத்தார். அவருடைய மகள் என்னிடம் சாதாரண தரம் வரை வரலாறு படித்தவள். கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகவில்லை. "டீச்சர், ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு கரு டியூப்ல நிக்குதாம், உடனே எடுக்கணுமாம் எண்டு சொல்றாங்க. கையெழுத்து கேக்கிறாங்க. அது கருக்கலைப்புத்தானே? குத்தமில்லையா? மருமகன் மௌலவிக்கிட்ட கேட்டுட்டுத்தான் சைன் பண்ணுவன் எண்டு வெளிய போயிட்டார்."

முதலில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு கேட்கலாம் என்றேன். மௌலவியும் அதையேதான் சொன்னாராம், கொஞ்சம் ஏசியும் விட்டாராம். ஆனால் அவரைத் தேடிப் பிடிக்க ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. ஒபரேஷன் தியேட்டரில் திறந்து பார்த்தபோது குழாய் வெடித்திருந்தது. வயிறு நிறைய இரத்தம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பிவிட்டாள்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நான் வைத்தியருமில்லை, ஆலிமாவுமில்லை. வரலாறு படிப்பிக்கிறவள், அதனால் வரலாற்றைச் சொல்கிறேன்.

கரு கருப்பைக்குள் தங்க வேண்டும். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு வெளியே தங்கிவிடுகிறது. அப்படித் தங்குவதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பலோப்பியன் குழாய்க்குள்தான். அந்தக் குழாய் ஒரு பென்சில் அளவு கூடத் தடிப்பில்லை. கருப்பை விரிவது போல அது விரியாது. ஆறாம், ஏழாம், எட்டாம் கிழமைகளில் கரு வளர வளரக் குழாய் கிழியும், உள்ளுக்குள்ளேயே இரத்தம் ஓடும். குழாயில் தங்கிய கரு பிள்ளையாகப் பிறக்க வழியே இல்லை. அதை எடுத்துக் கருப்பைக்குள் வைக்கும் வைத்தியமும் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

இந்த நோயின் ஆகப் பழைய பதிவுகளில் ஒன்று எங்களுக்குப் பழக்கமான பெயரில் இருக்கிறது. குர்துபாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்து 1013 அளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட அத்தஸ்ரீஃப் என்ற நூலை எழுதினார். அதன் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. ஒரு பெண்ணின் தொப்புள் பக்கத்தில் வீக்கம் வந்து சீழ் பிடித்ததையும், அதிலிருந்து சிசுவின் எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததையும் அவர் அதில் எழுதி வைத்திருக்கிறார். கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பத்தின் முதல் விவரணை என்று மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் பலர் இதைத்தான் காட்டுகிறார்கள். வயிறு வீங்கிய ஒரு பெண்ணைப் பார்த்து, பயப்படாமல், கண்டதைக் கண்டபடி எழுதினார். அதற்குப் பிறகு 800 வருசத்துக்கு மேல் இந்த நோயோடு வந்த பெண்களில் பெரும்பாலானோர் இறந்துதான் போனார்கள். காரணம் தெரிந்ததெல்லாம் அநேகமாக மையித்தை அறுத்துப் பார்த்த பிறகுதான்.

மாற்றியவர் ரொபர்ட் லோசன் டெய்ட். எடின்பரோவில் பிறந்து இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் வேலை செய்த சத்திரசிகிச்சை நிபுணர். 1881இல் இன்னொரு வைத்தியர் அவரை ஒரு பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த வைத்தியர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்: குழாய் வெடித்திருக்கிறது, வயிற்றைத் திறந்து குழாயை எடுங்கள் என்று கேட்டார். டெய்ட் துணியவில்லை. பெண் இறந்துபோனாள். பிறகு உடலைப் பரிசோதித்தபோது, இரத்தம் ஓடிய இடத்தை ஒரு நூலால் கட்டியிருந்தால் போதும், அவள் பிழைத்திருப்பாள் என்று டெய்ட்டுக்கு விளங்கியது. அதை அவர் மறைக்கவில்லை, பிறகு தானே எழுதினார். தன் பிழையைத் தானே எழுதி வைக்கிற ஆட்கள் எந்தத் தொழிலிலும் குறைவு, எங்கள் தொழிலிலும்தான்.

1883இல் அவர் துணிந்தார். முதலில் செய்த பெண் பிழைக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிழைத்தார்கள். அதுவரை மரண தண்டனை போல இருந்த ஒரு நோய்க்கு வைத்தியம் வந்தது அந்த வருசம்தான்.

அதே 1883இல் எங்கள் நாட்டில் என்ன நடந்தது? பிரித்தானியர் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையைக் கொண்டுவந்தார்கள், அந்த ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதற்கும் அடி, மெக்காலே 1830களில் போட்ட வரைபு. அதில் 303ஆம் பிரிவு கருச்சிதைவு பற்றியது. பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் செய்தாலன்றி, கருச்சிதைவு உண்டாக்குவது குற்றம். மூன்று வருசம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருசம் வரை. 1995இல் ஒரு திருத்தம் பாராளுமன்றம் வரை போய்த் திரும்பியது. 2017இலும் பேச்சு எழுந்து அடங்கியது. வல்லுறவும், பிழைக்கவே முடியாத குறைபாட்டோடு வளரும் சிசுவும்தான் அந்த விவாதங்களில் முக்கியமாக இருந்தவை. அதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு, இன்றைக்கு அதை எழுதவில்லை.

சொல்ல வந்தது வேறு. அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் தலையில் குழாய்க் கர்ப்பம் இருந்திருக்க நியாயமில்லை. அதற்கு வைத்தியமே அந்த வருசம்தான் பிறந்தது. ஆனாலும் உயிரைக் காப்பாற்ற என்ற அந்த ஒரு வரி இதற்குப் போதும். இன்றைக்கு எங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் குழாய்க் கர்ப்பத்துக்கு வழமையாகச் சிகிச்சை செய்கிறார்கள். பொலிஸ் வருவதில்லை, நீதிமன்றம் வருவதில்லை. அந்த உம்மா பயந்த சட்டப் பிரச்சினை எங்கள் நாட்டில் இல்லை.

இருந்த இடங்கள் உண்டு. டெய்ட்டின் சத்திரசிகிச்சை பரவிய வேகத்தில் கத்தோலிக்க வைத்தியர்கள் தங்கள் ஆயர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள்: குழாயோடு கருவும் போகிறதே, இது கொலையா? கேள்விகள் உரோமுக்குப் போயின. பிரசவத்தில் தாயைக் காக்கச் சிசுவின் தலையை உடைக்கும் சிகிச்சையை அனுமதிக்கப்பட்டதாகப் படிப்பிக்க முடியாது என்று 1884இல் பதில் வந்தது. 1889இல் சிசுவை நேரடியாகக் கொல்லும் எல்லாச் சத்திரசிகிச்சைகளுக்கும் அதை விரித்தார்கள். 1902இல் மொன்றியல் பல்கலைக்கழகத்திலிருந்து போன கேள்வி நேரே இதைப் பற்றியது. கருப்பைக்கு வெளியே தங்கிய கருவை ஆறு மாதம் முடிவதற்கு முன் எடுக்கலாமா? கூடாது என்பது பதில்.

ஆறு மாதம்! குழாய் எட்டுக் கிழமையில் வெடிக்கிறது. பதில் எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிசுவின் உயிரில் உண்மையான அக்கறையோடுதான் எழுதினார்கள். கட்டிலுக்கும் அவர்களுக்கும் இடையில் தூரம் அதிகம், அவ்வளவுதான். அந்த வருசங்களில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வைத்தியசாலைகளில் இந்த நோயோடு வந்த பெண்ணைப் பற்றி யோசித்துப் பாருங்கள். தியேட்டர் இருக்கிறது, கத்தி இருக்கிறது, தெரிந்த வைத்தியரும் நிற்கிறார்.

வழி கிடைக்க இன்னும் 30 வருசம் எடுத்தது. 1933இல் டி. லிங்கன் பூஸ்கெரன் என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கர்ப்பிணியின் கருப்பையில் புற்றுநோய் வந்தால் அந்தக் கருப்பையை எடுக்கலாம், உள்ளே சிசு இறந்தாலும் அது நோக்கமல்ல என்று இறையியலாளர்கள் பலர் ஏற்றிருந்தார்கள். குழாய்க் கர்ப்பத்திலும் அப்படித்தான், குழாய் வெடிக்கும் முன்னரே அதன் சுவர் கெட்டுவிட்டது, கெட்டுப்போன உறுப்பை எடுக்கிறோம், கருவின் மரணம் பக்க விளைவு என்றார். நல்ல செயலுக்கு நோக்கமில்லாத தீய விளைவு இருக்கலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் தற்காப்பைப் பற்றி எழுதியதுதான் இந்த வாதத்தின் வேர். கத்தோலிக்க வைத்தியசாலைகள் மெல்ல மெல்ல இதை ஏற்றுக்கொண்டன.

ஆனால் அந்த வாதம் பிற்பாடு தன் காலிலேயே தடக்கியது. குழாயை முழுதாக வெட்டி எடுக்காமல், கீறிக் கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயைக் காப்பாற்றும் முறை வந்தது. 1982இல் ஜப்பானிய வைத்தியர்கள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை இதற்குப் பாவித்தார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஊசியோடு முடியும், வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. பெண்ணுக்கு இவை லேசானவை, குழாயும் மிஞ்சும். ஆனால் இங்கே கை படுவது குழாயில் அல்ல, கருவில். அதனால் சில இறையியலாளர்கள் இதை நேரடிக் கருக்கலைப்பு என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். கரு எப்படியும் பிழைக்காது. ஆனால் அவளுடைய குழாயை வெட்டினால் பாவமில்லை, காப்பாற்றினால் சந்தேகம்! ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியசாலைக் கட்டில்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்று கத்தோலிக்க நிறுவனங்களுடையது. கருப்பைக்கு வெளியேயான கர்ப்பத்தில் நேரடிக் கருக்கலைப்பாகும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று அமெரிக்க ஆயர்களின் வழிகாட்டி சொல்கிறது. எது நேரடி, எது இல்லை என்பதை அது சொல்வதில்லை. அதை ஒவ்வொரு வைத்தியசாலையும் ஒவ்வொரு மாதிரி விளங்கிக்கொள்கிறது. ஊசி போட அனுமதியில்லாமல் நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பியதாக அங்கே வைத்தியர்களே ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எல் சல்வடோரில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்றும் விதிவிலக்கைக் கூட நீக்கியது. அதற்குப் பிறகு அங்கே வைத்தியர்கள் குழாய்க் கர்ப்பத்தோடு வந்த பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்து, குழாய் வெடிக்கும் வரை அல்லது கரு தானாக இறக்கும் வரை பார்த்துக்கொண்டு இருந்த கதைகள் வெளிவந்தன. டெய்ட் 1881இல் தெரியாமல் செய்ததை இவர்கள் நன்றாகத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டியிருந்தது. 2019இல் ஒஹாயோ மாநிலச் சட்டசபைக்கு வந்த ஒரு சட்டமூலத்தில், குழாய்க் கருவை எடுத்துக் கருப்பையில் திரும்ப வைப்பது என்று ஒரு சிகிச்சையையே எழுதியிருந்தார்கள். அப்படி ஒன்று இல்லை என்று வைத்தியர்கள் சொல்ல வேண்டி வந்தது.

இதை வாசித்துவிட்டு அடுத்த மதத்தவரைக் குறை சொல்ல யாரும் புறப்பட வேண்டாம். 2009இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நுரையீரல் நோயால் சாகக் கிடந்த ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்ற, கர்ப்பத்தை முடிக்கச் சம்மதித்தவர்களில் ஒருவர் ஒரு கன்னியாஸ்திரி. அந்தத் தாய் பிழைத்தாள். ஆயர் அடுத்த வருசம் அந்த வைத்தியசாலையின் கத்தோலிக்க அந்தஸ்தையே நீக்கினார். வைத்தியசாலை தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

எங்கள் பக்கம் புத்தகத்தில் பிரச்சினை இல்லை. எகிப்தின் அல்அஸ்ஹர் ஷெய்க்காக இருந்த மஹ்மூத் ஷல்தூத், தாய்தான் வேர், கிளைக்காக வேரைப் பலிகொடுக்க முடியாது என்ற கருத்தில் எழுதினார். மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1990இல் கொடுத்த தீர்மானம், 120 நாட்களுக்குப் பிறகு கூட, நம்பகமான வைத்தியர்கள் தாயின் உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் அனுமதி என்கிறது. இரண்டு தீங்குகளில் பெரியதைத் தடுக்க வேண்டும் என்பது காரணம். குழாய்க் கர்ப்பம் பெரும்பாலும் 60 நாட்களுக்குள் தெரிந்துவிடும், 120 எங்கே! அப்படியிருக்க அந்த மருமகன் ஏன் வெளியே போனார்? அவர் பொல்லாத மனிசனில்லை. கரு, எடுக்கணும் என்ற இரண்டு சொல்லும் ஒன்றாக வந்தால் எங்கள் தலைக்குள் வருவது ஒரே ஒரு சொல்தான், அதற்கு ஹராம் என்று பாடமாக்கி வைத்திருக்கிறோம். குத்பாவில் கருக்கலைப்பைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குழாய்க் கர்ப்பம் பற்றி ஒருமுறை கூட நான் கேட்டதில்லை. பாடசாலையிலும் இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சக ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், அப்படித் தாண்டப்பட்ட வகுப்பில் நானும் இருந்தவள்தான்.

ராத்தாமாரே, தங்கச்சிமாரே, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி வந்தால், கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் பட்டால், தலை சுற்றினால், தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தால் கிளினிக் நாள் வரும் வரை இருக்க வேண்டாம். இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். நானாமாரே, உள்ளே கையெழுத்துக் கேட்டால் வெளியே போகாதீர்கள்.

போன கிழமை அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனேன். சாய்மனைக் கதிரையில் இருந்தாள், முகம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. உம்மா டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார், எல்லாம் இங்கிலீஷில். "டீச்சர், மாமி ஊட்டுல கலைச்சுட்டா எண்டுதான் பேசிக்கிறாங்க. இதுக்குத் தமிழ்ல ஒரு பேர் எழுதித் தாங்க, காட்டுறதுக்கு" என்றார். பேனை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: குழாய்க் கர்ப்பம்.