ஊரகப் பொதுத் தொலைபேசி (இந்தியா)

சொந்தமாகத் தொலைபேசி வைத்துக்கொள்ள வசதியில்லாத ஊர்மக்கள் காசு கொடுத்துப் பேசுவதற்காக அஞ்சலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ கடையிலோ வைக்கப்பட்ட தொலைபேசி. இந்தியாவில் இதன் வரலாறு இரண்டு தடங்களில் ஓடியது. அரசு இலக்கு வைத்து ஊர்தோறும் பொருத்திய கருவி ஒன்று. யாரோ ஒருவர் பிழைப்புக்காக நடத்திய, வெளியூருக்கு நேரடியாகப் பேச உதவும் எஸ்.டி.டி. பூத் மற்றொன்று. மக்களுக்கு அதிகம் கைகொடுத்தது இரண்டாவதுதான்.

1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. பெரும்பாலான கிராமங்களுக்கு அந்த வசதி எட்ட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம், வெளியூருக்குப் பேச வேண்டுமானால் பக்கத்து ஊர் அஞ்சலகத்துக்குப் போய் டிரங்க் கால் பதிய வேண்டும். காசு கூடுதலாகக் கொடுத்தால் அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு. சாவுச் செய்தி சொல்ல வந்தவர்கூட இணைப்புக் கிடைக்கும்வரை அங்கேயே காத்துக் கிடந்தார். 1980களில் அரசு கடைப்பிடித்த கொள்கை, நிலப்பரப்பைப் பக்கத்துக்கு 5 கிலோமீட்டர் கொண்ட அறுகோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதுத் தொலைபேசி தருவது. ராத்திரியில் பிரசவ வலி கண்ட வீட்டுக்கு அந்த 5 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்பது வரைபடத்தில் தெரியாது.

1984 ஆகஸ்டில் சி-டாட் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய சாம் பிட்ரோடா, வீட்டுக்கொரு தொலைபேசி வரும்வரை காத்திராமல் எல்லாருக்கும் கைக்கெட்டும் இடத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்று வாதாடினார். அம்மையம் வடிவமைத்த ஊரகத் தானியங்கி நிலையத்தில் 128 முனைகள். குளிர்சாதன அறை தேவையில்லை. வெயிலையும் புழுதியையும் தாங்கும். மின்சாரமே நிலையில்லாத ஊர்களில் இந்த ஒரு குணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது.

அதைத் தொடர்ந்து பூத்துகள் பெருகின. மஞ்சள் பலகை, பிளைவுட் கூண்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்களில் ஏறிக்கொண்டே போகும் ரூபாய். அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கிவிட்டு வைத்தவர்கள் ஏராளம். அழைப்புகளை வாங்கித் தருவதும் பூத்காரர் வேலையானது. கல்யாணப் பத்திரிகையிலும் வேலை விண்ணப்பத்திலும் அவர் எண்ணே ‘பி.பி. நம்பர்’ என்று ஏறியது. துபாயிலிருந்து மகன் கூப்பிட்டால், “பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க தம்பி, அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்றேன்” என்று ஆளனுப்புவார். உரிமம் வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. வசூலில் பங்கு கிடைத்ததால் கருவி பழுதானால் லைன்மேனை விரட்டிப் பிடிக்க ஒருவர் இருந்தார்.

அரசின் கிராமத் தொலைபேசிக்கு அப்படி யாரும் இல்லை. 1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்றது. கம்பி இழுக்க முடியாத ஊர்களில் ரேடியோ அலைவழிக் கருவிகளைப் பொருத்தினார்கள். ஒருவகை அமைப்பில் 15 தொலைபேசிகளுக்கு இரண்டே தடங்கள். மூன்றாமவர் காத்திருக்க வேண்டியதுதான். பேட்டரி செத்தால் மாற்ற ஆள் வரமாட்டார். பல ஊர்களில் கருவி ஊராட்சித் தலைவர் வீட்டிலோ பூட்டிக் கிடக்கும் அலுவலகத்திலோ இருந்தது. ஊர்த் தெருவில் ஒருவர் வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசியைத் தேடித் தலித் குடியிருப்பான காலனியிலிருந்து ஒரு பெண் இரவில் போய்க் கதவைத் தட்ட முடியுமா? கணக்கேட்டில் அந்தக் கிராமம் ‘இணைக்கப்பட்டது’. தொலைபேசிச் சேவைக்கு உரிமம் பெற்றபோது கிராமங்களுக்கும் தொலைபேசி தரும் கடமையை ஏற்ற தனியார் நிறுவனங்களும் பெரும்பாலும் அதை நிறைவேற்றவில்லை.

இதற்கிடையே ஐ.ஐ.டி. மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் தொழில்நுட்பம், சுமார் 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் கம்பியில்லாமல் பேச்சையும் இணையத்தையும் ஒருசேரக் கொண்டுபோனது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதைக்கொண்டு கணினி மையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர்க்காரர்களே அவற்றை நடத்தினர்.

2002 ஏப்ரல் 1 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டை வரியாகப் பெற்று அனைவருக்குமான சேவை நிதி அமைந்தது. பழுதாகிக் கிடந்த ரேடியோ கருவிகளை மாற்றுவதற்கும், 2004 நவம்பரில் பி.எஸ்.என்.எல்.லுடன் ஒப்பந்தமான 66,822 கிராமங்களுக்குத் தொலைபேசி தருவதற்கும் இந்நிதி பயன்பட்டது. ஆனால் 2003 மே மாதம் முதல் கைபேசியில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கிவிட்டது. கைபேசி பரவப் பரவ, அடுத்த சில ஆண்டுகளில் பூத்துகள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின.

2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பொது வைஃபை திட்டம் பழைய பூத் முறையையே பின்பற்றுகிறது: பெட்டிக்கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் உரிமமோ பதிவோ கட்டணமோ இன்றிப் பொதுத் தரவு நிலையம் நடத்தலாம்.