பாடப்புத்தகத்தின் 'மனிதன்' யார்?

'மனிதன் இயற்கையை அழிக்கிறான்.' சுற்றுச்சூழல் பாடம் எதைப் பிரித்தாலும் இந்த வாக்கியம் ஏதோவொரு வடிவில் வந்துவிடுகிறது. யாருங்க இந்த மனிதன்? தோல் ஷாப்பு முதலாளியா, அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்குகிற கூலியா? பாடம் சொல்லாது. பாலாறு கெட்டதற்கு இருவரும் சமபங்குக்காரர்கள் என்பதுபோல 'நாம்' என்று முடித்துக்கொள்ளும். குற்றத்தைப் பொதுவாக்கிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

1986 தேசியக் கல்விக் கொள்கை சுற்றுச்சூழல் விழிப்புணர்வைக் கல்விக்குள் கொண்டுவரச் சொன்னது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி, 2003இல் மீண்டும் வலியுறுத்தியது. வழக்காடி வாங்கிய பாடம் இது. பள்ளிக்கூடத்தில் மரம் நடுவிழா, உறுதிமொழி, ஓவியப் போட்டி என்று சுருங்கிப்போனது.

இதற்கு மாற்றாகச் சிலர் ஐந்திணையைக் காட்டுகிறார்கள். முன்னோர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்களாம். தமிழ் படித்தவன் என்பதாலேயே எனக்கு இதில் சந்தேகம் உண்டு. முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. ஊர் வேறு, சேரி வேறு. நிலத்தின் கணக்கிலேயே ஆட்களின் பிரிவினையும் பதிவாகியிருக்கிறது.

வெள்ளைக்காரன் வருவாய்த்துறையின் கணக்கு இன்னொரு மாதிரி. வரி தராத ஏரியும் மேய்ச்சல் நிலமும் அதில் புறம்போக்கு. அந்தச் சொல் இன்றைக்கு வசவு. பள்ளிக்கரணைக் கழுவெளி தரிசு என்று எழுதப்பட்டதால்தான் அதில் சென்னையின் குப்பையைக் கொட்ட முடிந்தது. கடலையும் காற்றையும் ஆராய்கிற மைய அரசு நிறுவனங்களே அந்தச் சதுப்பில்தான் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகுதான் பலருக்கும் கழுவெளி என்ற சொல்லே தெரிந்தது. 2022இல் அது ராம்சர் தலமானது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 1927இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித்துகளும் மகாத் சவுதார் குளத்தில் நீர் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 'நீர் மாசு' என்ற அத்தியாயத்தில் இவை ஏன் இல்லை? மாசுக்கு வேதியியல் மட்டும் போதும், தீட்டு வேறு பாடம் என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம்.

புதிய புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர் நிலப் பதிவேட்டைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். எந்த நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதினார்கள், குப்பைமேடு யார் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள் என்று விசாரிக்கட்டும். அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு 'மனிதன்' என்று பொத்தாம்பொதுவாக எழுத எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது.