அம்பாசடர் காரின் டைமிங்: கரிசல் வெயிலில் வாக்குவம் அட்வான்ஸ்

அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பதுதான் டைமிங். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்து, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாரான கார் இது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைக்கும் அடிப்படை நேரம், வேகம் கூடக்கூட விரியும் எடைகள், கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய வாக்குவம் குழாயால் இயங்கும் டயாஃப்ரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதில் பொறியின் நேரத்தை முடிவு செய்கின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வெயில் காட்டில் வண்டி சூடேறினால் டைமிங்கைப் பின்தள்ளு, வாக்குவம் குழாயை அடைத்துவிடு என்பார்கள். அது சூட்டைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது. பொறி தாமதித்தால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய வெப்பம் சிலிண்டர் தலை வழியாக ரேடியேட்டர் தண்ணீரில் இறங்கிவிடும். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் சமவெளிச் சாலையில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடிதான் நெடுநேரம் ஓட்டுகிறோம். அப்போது சிலிண்டருக்குள் புகும் கலவை குறைவு. அது மெதுவாகவே எரியும். அதற்குப் பொறி இன்னும் முன்பாக வேண்டும், அதைத் தருவது டயாஃப்ரம்தான்.

உள்ளே போகும் காற்றே கொதிக்கும்போது அட்வான்ஸ், அதாவது பொறி முன்கூட்டி விழுவது, கூடினால் நாக்கிங் என்னும் தட்டல் சத்தம் வராதா என்று கேட்கலாம். வரும், ஆனால் அது பெரும்பாலும் பாரம் ஏற்றி முழுசாக மிதிக்கும்போது வருவது. அந்த நேரத்தில் உறிஞ்சும் விசை விழுந்துவிடுவதால் டயாஃப்ரமும் தானே பின்வாங்கிவிடும். எனவே குறைக்க வேண்டியது அடிப்படை நேரத்தில் ஓரிரு டிகிரிதான். குழாய் இருந்தபடி இருக்கட்டும். ஐடிலில் குழாயைக் கழற்றினாலும் மாற்றம் தெரியவில்லையே என்பது அடுத்த கேள்வி. குழாயின் துளை த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி இருக்கிறது. தகடு மூடியிருக்கும்போது அங்கே உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லை. ஐடிலை வைத்து டயாஃப்ரத்தைப் பழுதென்று சொல்ல முடியாது. குழாய் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகடு நகர்ந்து அப்படியே நின்றால் டயாஃப்ரம் நலம். நழுவித் திரும்பினால் கிழிசல். அசையவே இல்லையென்றால் தகடு தூசியில் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். பாயிண்ட் இடைவெளி கூடினால் டைமிங்கும் முன்னேறும் என்பதால் முதலில் ஃபீலர் கேஜால் அதை 0.35–0.40 மி.மீ. அளவில் வைக்க வேண்டும். பிறகு குழாயைக் கழற்றி அடைத்து, ஐடிலில் டைமிங் லைட்டை கிராங்க் புல்லிக் குறியில் பிடித்து, கையேடு சொல்லும் டிகிரிக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்க வேண்டும். கடைசியில் குழாயை மாட்டி, பாரத்தோடு ஓட்டிப் பார்த்து நாக்கிங் கேட்டால் மட்டும் சற்றுப் பின்தள்ளலாம். இவ்வளவு செய்தும் வண்டி சூடேறினால் பழுதை டிஸ்ட்ரிபியூட்டரில் தேடுவதை விட்டு ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட்டிலும் தேடுவதே முறை.