சைக்கிளைக் கவிழ்த்துக் கேட்ட பாட்டு

திருகோணமலை டச் பே கடற்கரையில பாட வாறவைக்கு இப்ப சில்லு பூட்டின ஸ்பீக்கர் ஒன்று போதும். கடற்காற்றுக்கு அதன் முதுகைக் காட்டி வைத்தால் பாட்டு தூரம் போகும். சார்ஜ் இறங்கினால் கச்சேரி முடிஞ்சுது, அவ்வளவுதான்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடையால் ரேடியோவுக்குப் போடும் சின்னப் பற்றறிகூடத் தடைப்பொருள்! சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தது. நாலு பற்றறி தருவது 6 வோல்ட். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ட்தான். ஆனால் அது தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட்டு வைத்து அதையும் சமாளித்தார்கள். பெடலைக் கையால் சுற்ற ஒருவர், சுற்றிவர இருந்து கேட்க ஊர். முதலில் செய்தி, பிறகு பாட்டு. சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் கசற்றில் பாடுகிறவரின் குரலும் இழுபடும்.